தொட்டுக் கேட்கும் படகு: இராமநாதபுரம் கரையில் ஒரு மின்னொலி நிகழ்ச்சி

அத்தியாயம் 7

லேப்டாப்பும் சிந்தசைசரும் வைத்து ஒலிச் சோதனை செய்கிறவர்களுக்குக் கடற்கரை என்றாலே ஒரு சபலம். பெரிய மேடை, பின்னால் அலை, ராத்திரி முழுக்க ஸ்பீக்கர். ஜெனரேட்டரும் போலீஸ் அனுமதியும் இருந்தால் பாம்பனிலோ மண்டபத்திலோ அப்படி ஒன்றை நடத்திவிடலாம். ஊர்க்காரர்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். காது கேளாதவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். சக்கர நாற்காலி மணலில் நாலடி தாண்டாது. அது நிகழ்ச்சிதான், ஆனால் யாருக்கு?

எல்லோரும் வந்து அனுபவிக்க வேண்டும் என்பது போஸ்டரில் கடைசியாகச் சேர்க்கிற வரி அல்ல. அதை முதல் நாளே முடிவு செய்தால் எந்த ஒலியை எடுப்பது, எதன் வழியாக ஒலிக்கவிடுவது, எவ்வளவு நேரம் நடத்துவது எல்லாமே அந்த முடிவிலிருந்து பிறக்கும். இசையும் அதனால் வேறாகும், பெரும்பாலும் மேம்படும். இதைச் செய்து பார்ப்பதற்கான வழிமுறைதான் இந்த அத்தியாயம்.

முன்னே நடந்தவை

மின்னிசை நமக்கு இரவல் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி இல்லாத கச்சேரியை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா சீக்வென்சரில் இசை செய்ததைத் தமிழ் ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். அதற்கும் முன்பே, 1969இல், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் ஒரு மின்னிசைக் கூடம் இயங்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து ஒரு மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். சில ஆண்டுகளில் கூடம் ஓய்ந்துபோனது. நாடாக்கள் அலமாரியில் கிடந்தன. லண்டன் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்து மீட்க, 2023இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

டியூடரிடமிருந்து நமக்கு வேண்டியது சிந்தசைசர் அல்ல, ‘ரெயின்ஃபாரஸ்ட்’ என்ற அவருடைய படைப்பின் உத்தி. அகமதாபாத் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1968இல், அதைத் தொடங்கினார். ஸ்பீக்கரை மட்டும் நம்பாமல், தகரம், மரம், பீப்பாய் ஆகியவற்றின் மேல் அதிர்வூட்டிகளைப் பொருத்தி, அந்தப் பொருள்களையே ஒலிக்கவைத்தார். 1973இல் உருவான நான்காம் வடிவத்தில் பார்வையாளர்கள் தொங்கும் பொருள்களுக்கிடையே நடந்து, நெருங்கிக் கேட்டு, தொட்டும் பார்த்தார்கள். ஒலி கைக்கு எட்டுகிற பொருளானால் அதற்குக் காது மட்டும்தான் வாசல் என்பதில்லை. ஐந்தாம் பகுதியில் இந்த உத்தியைத்தான் படகில் பயன்படுத்தப் போகிறோம்.

இரண்டாவது முன்னோடி உள்ளூரிலேயே இருக்கிறது. பாம்பனில் 90.4 பண்பலையில் ஒலிக்கும் ‘கடல் ஓசை’ 2016இல் ஆம்ஸ்ட்ராங் பெர்னாண்டோ தொடங்கிய சமுதாய வானொலி. மீனவர்களுக்காக, மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களின் குரலிலேயே வானிலை, தொழில், கடல் பாதுகாப்பு, பாட்டு எல்லாம் வருகிறது. மேடை போடும் முன் அங்கே போய் உட்காருங்கள். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த கரை இது. ஒலியைத் தரம் பிரிக்கத் தெரிந்த காதுகள் இங்கே நிறைய.

மூன்றாவது, சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழா. நித்யானந்த் ஜெயராமன், டி. எம். கிருஷ்ணா முதலியோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்தினார்கள். கர்நாடக சங்கீதமும் பறையாட்டமும் ஒரே இடத்தில், டிக்கெட் இல்லாமல். கலையைக் குப்பத்துக்குக் ‘கொண்டுபோவது’ வேறு, குப்பத்தோடு சேர்ந்து நடத்துவது வேறு. நாம் செய்யப்போவது இரண்டாவது.

1. எந்தக் கடல், எந்த மாதம்

இராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்ப்பேச்சில் வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்குக் கரையில் மைக் வைத்தால் காற்றைத் தவிர எதுவும் பதிவாகாது. அதே நாளில் வடக்குக் கரை அடங்கிக் கிடக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடையும் புயலும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இந்தப் பருவத்தில்தான் வந்தது. அந்த மாதங்களில் திறந்தவெளி மேடை என்ற பேச்சே வேண்டாம்.

மிச்சம் ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. அதிலும் ஒரு முடிச்சு உண்டு: ஆமைகள் முட்டையிட வரும் பருவமும் அதுவே. தனுஷ்கோடிப் பக்கம் இரவு விளக்கும் அதிர்வும் கூடாது. மாலைக்குப் பிறகு அங்கே யாரையும் விடுவதும் இல்லை. 2025இல் அந்தப் பகுதி பெரும் பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அரிச்சல்முனையில் நிகழ்ச்சி என்ற கனவை இப்போதே விட்டுவிடுங்கள். பகலில் போய் ஒலிப்பதிவு செய்துகொண்டு வாருங்கள், போதும்.

நிகழ்ச்சிக்கு ஏற்ற இடங்கள் மூன்று வகை.

- ஊரை ஒட்டிய படகுத்துறை (பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம்): ஆள் வருவார்கள், மின்சாரம் கிடைக்கும், கழிப்பறைக்கு வழி உண்டு. சத்தமும் கூடவே வரும்.
- சவுக்குத்தோப்புக் கடற்கரை (உச்சிப்புளி பக்கம் அரியமான்): காற்றுக்கு மறைப்பு, அமைதியான பாக் நீரிணை. பருந்து கடற்படை விமானத்தளம் அருகிலேயே இருப்பதால் டிரோன் யோசனையைக் கைவிடவும்.
- கட்டடத்தோடு கூடிய கரை (பள்ளி வளாகம், சமுதாயக் கூடம்): மழை வந்தால் உள்ளே போய்விடலாம். சக்கர நாற்காலிக்கு இதுவே சுலபம்.

முதல் நிகழ்ச்சிக்கு மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறையில் கட்டிக் கிடக்கும். கடலுக்குள் எஞ்சின் இரைச்சல் குறைவதால் நீருக்கடியில் பதிவு செய்ய இதைவிட நல்ல காலம் இல்லை. தொழிலாளிகளுக்கும் நேரம் இருக்கும், ஆனால் கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் யாருடைய நேரத்தையும் சும்மா கேட்கக் கூடாது.

2. முதலில் யாரைப் பார்ப்பது

வரிசை முக்கியம். மீனவர் சங்கமும் ஊர்ப் பெரியவர்களும் முதலில், அரசு அலுவலகம் அடுத்து. மேலிடத்து அனுமதிக் கடிதத்தோடு ஊருக்குள் நுழைந்தால் கதவு பாதிதான் திறக்கும்.

நீருக்கடி மைக்கைப் பார்த்ததும் கரையில் எழும் முதல் கேள்வி, “இது என்ன தம்பி, மீன் பாக்குற மிசினா?” என்பதாகத்தான் இருக்கும். “இல்லண்ணே, கடலுக்குள்ள என்ன சத்தம் கேக்குதுன்னு பாக்குறோம், நீங்களும் போட்டுப் பாருங்க” என்று ஹெட்ஃபோனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அரை மணி நேர விளக்கம் மிச்சம்.

சர்வதேச எல்லையை ஒட்டிய கடல் இது. வயரைத் தண்ணீருக்குள் இறக்கும் வெளியூர் ஆளைக் கண்டால் சந்தேகம் வருவது இயல்பு. ஆகவே கீழ்க்கண்ட வேலைகள் ஒன்றும் விடுபடக் கூடாது.

- கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு எழுத்து மூலம் தகவல்: கருவியின் படம், நாள், படகின் பதிவெண்.
- மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கியவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அருகே போகாதீர்கள்.
- பாம்பன் ரயில் பாலத்தில், பழையதானாலும் 2025 ஏப்ரலில் திறந்த புதியதானாலும், எந்தக் கருவியையும் பொருத்தக் கூடாது. ரயில் பாலத்தைக் கடக்கும் ஒலியைக் கரையில் நின்றே நன்றாகப் பிடிக்கலாம்.
- ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி. இரவு 10 முதல் காலை 6 வரை சட்டப்படி ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்; பள்ளி வளாகத்தைத் தேர்ந்தெடுத்தால் இதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.
- ஹெட்ஃபோனுக்குப் பதில் ரேடியோவில் கேட்கட்டும் என்று சொந்தமாக எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைப்பது குற்றம். ஒலிபரப்பு வேண்டுமானால் சமுதாய வானொலியோடு சேர்ந்து செய்யுங்கள்.
- மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். சைகைமொழி பெயர்ப்பாளர், சிறப்புப் பள்ளிகள், பெற்றோர் குழுக்கள் எல்லாவற்றுக்கும் தொடக்கப் புள்ளி அதுதான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அதன் 29ஆம் பிரிவு கலை, பொழுதுபோக்கு உரிமையைச் சொல்கிறது. அனுமதி மனுவில் இதைக் குறிப்பிட்டால் அலுவலகத்தில் பேச்சு சுலபமாகும்.

இன்னொன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அப்படி அடைத்துவைப்பதை நாடே கேள்வி கேட்க அது காரணமானது. மனநோயோடு வாழ்பவர்களை இந்த மாவட்டத்தில் நிகழ்ச்சிக்கு அழைக்கும்போது அந்த நினைவு கூடவே வரும். அவர்களைப் படம் எடுத்து விளம்பரம் செய்யாதீர்கள். வர விருப்பமா என்று காப்பாளரிடம் மட்டும் கேட்காமல் வரப்போகிறவரிடமே கேளுங்கள். வந்தவர் நடுவில் எழுந்துபோக நினைத்தால் போகட்டும்.

3. கேட்கும் வாரம்

கருவியை எடுக்கும் முன் ஒரு வாரம் கேட்பதற்கு மட்டும் ஒதுக்குங்கள். விடியலில் ஏலம், நடுப்பகலில் ஐஸ் உடைக்கும் சத்தம், மாலையில் மாதா கோயில் மணி, மசூதியின் பாங்கு, அம்மன் கோயில் ஒலிபெருக்கி. இவற்றின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி இவற்றோடு மோதக் கூடாது. மாலைத் தொழுகை முடிந்த பிறகு தொடங்கி எட்டரைக்குள் முடிப்பது எல்லோருக்கும் தோதான நேரம்.

குழுவில் பார்வையற்ற ஒருவரை இந்த வாரத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், பார்வையாளராக அல்ல, சம்பளம் வாங்கும் ஒலிப்பதிவாளராக. பதிவு மென்பொருள் ஆடாசிட்டி இலவசம். என்விடிஏ திரைவாசிப்பானோடு விசைப்பலகையிலேயே பெரும்பாலான வேலைகளை முடித்துவிடலாம்.

வயதானவர்களிடம் அம்பா பாட்டைப் பற்றிக் கேளுங்கள். வலை இழுக்கும்போதும் துடுப்பு போடும்போதும் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் தொழிற்பாட்டு அது. எஞ்சின் வந்தபின் படகில் அருகிவிட்டது. கரைவலை இழுக்கும் இடங்களில் இன்னும் தேடலாம். பாடுகிறவருக்கு அன்றே பணம் கொடுங்கள், பெயர் போடலாமா என்று கேளுங்கள். பாடியவருக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை உண்டு. “பாட்டை வெட்டி ஒட்டி வேறு ஒலியோடு கலப்போம், பரவாயில்லையா?” என்பதை ஒரு மாதிரியைப் போட்டுக்காட்டிக் கேட்பதுதான் நியாயம்.

4. நீருக்கடி ஒலி

கடலுக்கடியில் நிசப்தம் என்பது தவறான நம்பிக்கை. பவளத்திட்டுப் பக்கம் மைக்கை இறக்கினால் கடுகு தாளிக்கிற மாதிரி ஓயாத படபடப்பு கேட்கும். சொடுக்கு இறால்கள் எழுப்பும் ஒலி அது. கொடுக்கைச் சட்டென்று மூடும் வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உருவாகி வெடிக்கிறது. கத்தாளை மீனுக்கும் குரல் உண்டு: காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்துக் கரகரக்கும். மலேசியக் கரையில் ‘ஜூரு செலாம்’ எனப்படும் மூத்த மீனவர்கள் தண்ணீருக்குள் தலையை விட்டு, மீன்கூட்டத்தின் ஒலியைக் கேட்டே வலை விரிக்கச் சொல்வார்கள். இங்கே அப்படி யாராவது கேட்டுப் பழகியிருக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். அந்தப் பேச்சே நிகழ்ச்சிக்கு நல்ல பொருள்.

கருவியை நீங்களே செய்யலாம்.

1. 27 அல்லது 35 மில்லிமீட்டர் பீசோ தட்டு ஒன்று. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.
2. பின்னலுறை உள்ள ஒலிக்கம்பியைப் பற்றவையுங்கள்: நடுக்கம்பி வெள்ளை வட்டத்துக்கு, பின்னல் பித்தளைக்கு. பற்றவைப்புச் சூட்டை வெள்ளை வட்டத்தில் இரண்டு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள்.
3. எபாக்சி பூசி, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. கம்பி நுழையும் இடத்தில்தான் உப்புநீர் புகும். அங்கே தாராளமாகப் பூசுங்கள்.
4. பீசோவை நேரே ரெக்கார்டரில் செருகினால் கனமான ஒலி எல்லாம் காணாமல் போய், தகரச் சத்தம் மட்டும் மிஞ்சும். 10 லட்சம் ஓமுக்கு மேல் உள்நுழை தடை உள்ள ப்ரீஆம்ப் நடுவில் வேண்டும். கிட்டாருக்கான டிஐ பெட்டிகளில் பல இதற்கு உதவும்.
5. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டு, படகின் பக்கத்தில் உரசாமல் கம்பியைத் தொங்கவிடுங்கள். ஒரு சிறு மிதவையில் கட்டி, மிதவைக்கும் மைக்குக்கும் நடுவே ரப்பர் துண்டு ஒன்று வைத்தால் அலையின் இழுப்பு பதிவில் ஏறாது. நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் 340தான். அதனால் திசை தெரியாது, எல்லாம் தலைக்குள்ளேயே கேட்பதாகத் தோன்றும். இதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

பாசி எடுக்கும் பெண்களோடு வேலை செய்ய வாய்த்தால் மூச்சைப் பதிவு செய்யக் கேளுங்கள். மூழ்கும் முன் இழுக்கும் மூச்சும் மேலே வந்ததும் விடும் மூச்சும் இந்தக் கடலின் தாளங்களில் ஒன்று. அவர்கள் தொழிலுக்குப் போகும் நாளில் குறுக்கே நிற்காதீர்கள். கரையில் உட்கார்ந்து பேசும் நாளில் கேளுங்கள்.

5. படகைப் பேசவைப்பது

இந்த அத்தியாயத்தின் மையம் இதுதான். டியூடர் தகரத்தில் செய்ததை நாம் வத்தை என்ற நாட்டுப்படகில் செய்கிறோம். கரையேற்றிய மரப்படகு கிடைத்தால் நல்லது. ஃபைபர் படகும் ஒலிக்கும், ஆனால் குரல் மெலிந்திருக்கும்.

படகுக்காரரிடம் அனுமதி கேட்கும்போதே, அதிர்வூட்டி பொருத்தும் இடத்தில் ஓட்டை போடமாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். செருப்போடு படகில் ஏறாதீர்கள். அது அவருக்குத் தொழில் மட்டுமல்ல, சாமியும்கூட.

தேவை: 20 வாட் அளவிலான அதிர்வூட்டிகள் நான்கு, 12 வோல்ட்டில் ஓடும் சிறு ஆம்ப்ளிஃபயர் இரண்டு, கார் பேட்டரி ஒன்று, வலுவான இருபக்க ஒட்டுப்பட்டை, சாக்குக்கட்டி.

- படகை மணலில் நேரே உட்காரவிடாதீர்கள். மணல் அதிர்வை விழுங்கிவிடும். பழைய டயர்கள் அல்லது உருட்டுக் கட்டைகள் மேல் ஏற்றுங்கள். ஆட்டினாலும் சாயாதபடி இரு பக்கமும் முட்டுக்கொடுங்கள்.
- 30 ஹெர்ட்ஸிலிருந்து 400 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றைச் சுரத்தை ஒலிக்கவிடுங்கள். ஒருவர் உள்ளங்கையைப் பலகையில் வைத்தபடி முன்னணியத்திலிருந்து பின்னணியம் வரை நகரட்டும். குறுக்குக் கட்டை இருக்கும் இடத்தில் கை எதுவும் உணராது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் பலகை திடீரென்று கைக்குள் எழும்பும். அங்கே ஒரு வட்டம் போட்டு, எந்த அதிர்வெண் என்று பக்கத்தில் எழுதுங்கள்.
- அரை மணி நேரத்தில் படகு முழுக்க வட்டங்கள். அதுதான் உங்கள் சுரவரிசை. ஆர்மோனியத்தின் சுரங்களோடு அது ஒத்துப்போகாது. ஒத்துப்போக வைக்கவும் வேண்டாம்.
- இந்தக் கைச்சோதனையைக் காது கேளாத ஒருவர் செய்வதுதான் சிறப்பு. அவர் குறித்த இடங்களே இறுதி.

‘காது கேளாதவர்களுக்கு பாஸ் போதும்’ என்று ஸ்பீக்கர் வாடகைக்காரர்கள் சொல்வார்கள். பாதி உண்மைதான். விரல்நுனித் தோல் கூர்மையாக உணர்வது 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில். ஆயிரத்துக்கு மேல் போனால் தொடுஉணர்வு மங்கிவிடும். ஆகவே அம்பா பாட்டின் ஆண்குரல் கைக்கு எட்டும்; சொடுக்கு இறாலின் படபடப்பு எட்டாது. இறாலைக் கைக்குக் கொண்டுவர வேண்டுமானால் பதிவைப் பல மடங்கு மெதுவாக்கிக் கீழிறக்க வேண்டும். அப்படி இறக்கியதும் அது தனித்தனிச் சொட்டுகளாகப் பிரிந்து, தாளமாக மாறும். கேட்கிறவர்களுக்கும் அது புதிய ஒலி. முதல் நாள் முடிவுதான் இசையைத் தீர்மானிக்கும் என்று தொடக்கத்தில் சொன்னது இங்கே கண்கூடு.

6. வருகிறவர்களுக்கான ஏற்பாடு

- பாதை: சாலையிலிருந்து படகு வரை மணல்மேல் 120 சென்டிமீட்டர் அகலத்துக்கு ப்ளைவுட் பலகை. இணைப்பில் மேடுபள்ளம் இருக்கக் கூடாது. சரிவு 12 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறக் கூடாது. பாதையின் ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் வலைக்கயிறு ஒன்றைக் கட்டினால் பார்வையற்றவர் கயிற்றைப் பிடித்தே படகு வரை வந்துவிடலாம்.
- படகின் உயரம்: சக்கர நாற்காலியில் இருப்பவரின் கை பலகைக்கு எட்டுகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். எட்டாவிட்டால் டயரின் உயரத்தை மாற்றுங்கள்.
- எழுத்து: திரையில் வெறும் பாடல்வரி போதாது. ‘தூரத்தில் எஞ்சின், நெருங்குகிறது’ என்று ஒலியையே பெரிய தமிழ் எழுத்தில் எழுதுங்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் மேல் விளக்கு விழ வேண்டும். அவர் பின்னால் வீடியோ ஓடக் கூடாது.
- ஒளி: விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் விளக்கு வேண்டாம், வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. கடல்பக்கம் பார்த்த விளக்கும் வேண்டாம்.
- அமைதிக் கூடாரம்: சத்தம் தாங்காதவர்கள், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் ஒதுங்க 30 மீட்டர் தள்ளி ஒரு பந்தல். பாய், தண்ணீர், மங்கிய வெளிச்சம்.
- ஒலியளவு: அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த உச்சவரம்பு 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல். நமக்கு 85 போதும். படகுதான் பேசுகிறதே.
- வாசிப்பவர்கள்: வருகிறவர்களிலும் வாசிப்பவர்கள் இருக்கட்டும். பாலின் ஆலிவரோஸ் 2007இல் தொடங்கிவைத்த ‘ஆமி’ என்ற இலவச மென்பொருள், கேமரா முன் தலையோ விரலோ அசைந்தால் அதை ஒலியாக்கும். கைகால் அசைக்க முடியாதவரும் இதனால் இசைக்கலைஞராகலாம். கடல் ஒலிகளை முன்கூட்டியே ஏற்றிவையுங்கள்.

7. நிகழ்ச்சி வரிசை

நாற்பது நிமிடம் போதும்.

1. 0–8 நிமிடம்: காற்று. பாலத்தடிப் பதிவுகள், சவுக்குத்தோப்பு. ஸ்பீக்கரில் மட்டும். வருகிறவர்கள் இடம்பிடிக்கும் நேரம்.
2. 8–18: நீருக்கடி. இறால் ஒலி இயல்பான வேகத்தில் தொடங்கி மெதுவாகிக்கொண்டே வந்து, பதினைந்தாவது நிமிடத்தில் படகுக்கு இறங்கட்டும். அப்போது கைவைக்கச் சொல்லுங்கள்.
3. 18–28: அம்பா. பாடகர் நேரில். அவர் குரலை 50 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கி மேலே தூவுங்கள். இப்படி ஒலியைத் துகள்களாகக் கையாளும் உத்தியைக் கனடாவின் பாரி ட்ரூவாக்ஸ் 1986இல் ‘ரிவர்ரன்’ என்ற ஆற்றுப் படைப்பில் நிகழ்நேரக் கணினிக் கணிப்பில் செய்தார். பாடகரின் நேர்க்குரல் எப்போதும் மேலோங்கி நிற்க வேண்டும்.
4. 28–40: எல்லோரும். ஆமியில் இருவர், படகைத் தட்டுகிறவர்கள், சங்கு ஊதத் தெரிந்தவர் யாராவது. லேப்டாப்காரர் ஒலியளவைப் பார்த்துக்கொண்டால் போதும்.

8. காற்று, உப்பு, மின்சாரம்

காற்று மேடையிலிருந்து கூட்டத்தை நோக்கி வீசும்படி மேடையைப் போடுங்கள். எதிர்க்காற்றில் ஒலி மேல்நோக்கி வளைந்து, கூட்டத்தின் தலைக்கு மேலே போய்விடும். 34 மீட்டர் தள்ளி இரண்டாவது ஸ்பீக்கர் ஜோடி வைத்தால், அதற்கு 100 மில்லிவிநாடி தாமதம் கொடுங்கள். இல்லையேல் பேச்சு இரட்டையாகக் கேட்கும்.

உப்புக்காற்று ஒரே இரவில் செருகிகளைப் பச்சையாக்கிவிடும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு செருகியையும் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஜெனரேட்டரைக் கூட்டத்துக்கும் அப்பால், காற்றுக்குக் கீழ்ப்பக்கம் தூரத்தில் நிறுத்துங்கள். மலிவான இன்வெர்ட்டர் பதிவிலும் பீசோவிலும் இரையும்; படகு பேட்டரியிலேயே ஓடட்டும். நிலத்தொடர்புக் கம்பி ஈர மணலில் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். ஈரக் கையோடு மக்கள் தொடப்போகும் படகு என்பதால் அதில் 12 வோல்ட்டுக்கு மேல் எந்தக் கம்பியும் போகக் கூடாது. இது மட்டும் பேரம் பேச முடியாத விதி.

9. மறுநாள்

படகை இறக்கி, ஒட்டுப்பட்டைத் தடத்தைத் துடைத்து, உரியவரிடம் ஒப்படையுங்கள். பதிவுகளின் பிரதியைப் பாடகருக்கும் சமுதாய வானொலிக்கும் கொடுங்கள். மெமரி கார்டிலும் கொடுங்கள். லிங்க் அனுப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். பணம் பாக்கி யாருக்கும் இருக்கக் கூடாது.

ஒரு வாரம் கழித்துக் கூட்டம் போடுங்கள். மூன்று கேள்விகள் மட்டும்: யார் வரவில்லை, ஏன்? வந்தவர்களில் யார் பாதியில் போனார்கள், எங்கே? படகின் எந்த இடத்தில் கைகள் அதிகம் இருந்தன? பதில்களை அப்படியே குறித்துவையுங்கள். அடுத்த அத்தியாயத்தின் செலவுக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது. நேர்மையாகக் குறித்தால் இரண்டாம் ஆண்டுக் கணக்கில் ஸ்பீக்கர் வாடகை இறங்கும். பாதைப் பலகையும் சைகைமொழி பெயர்ப்பாளர் சம்பளமும் ஏறும்.